டயர்க் கடை அண்ணை வழி விட்டார்

இண்டைக்கு ரேஸ் ட்ராக்கிலை ஒரு ஆளை மூண்டு தரம் முந்தினன். மில்லிக்கனிலை டயர்க் கடை வைச்சிருக்கிற அண்ணை.

மே மாதம் அவரிட்டைப் போய், "வேலைக்குப் போற காரிலைதான் ட்ராக்கிலையும் ஓடப்போறன், சூடு தாங்கிற டயர் வேணும்" எண்டு கேட்டன். அவர் கூட வந்த என்ரை மனுசனைப் பாத்து, "தங்கச்சிக்கு எல்லாக் காலத்துக்கும் போடுற ஓல்-சீசன் டயர் காணும்" எண்டார். நானும் மடைச்சி மாதிரி வாங்கிப் போட்டன்.

ட்ராக்கிலை முதல் நாளே டயர் சூடேறி வழுக்கி, கார் சுழண்டு புல்லுக்குள்ளை போய் நிண்டுது.

கடையிலை போய்ச் சொன்னால், சனத்துக்கு முன்னாலை சிரிச்சார். "டயரிலை பிழையில்லை. பொம்பிளையளுக்கு உது சரிவராது."

பிறகு நானே தேடிப் படிச்சு, பக்கம் விறைப்பான, ரப்பர் மென்மையான கோடை டயர் நாலு அஜின்கோர்ட்டிலை வேறை ஒரு கடையிலை வாங்கினன். கெதியாத் தேயும். தேயட்டும்.

இண்டைக்கு அவரும் தன்ரை சிவப்புக் காரோடை வந்திருந்தார். அங்கை முன்னாலை போறவர் கையைக் காட்டி வழி விட்டால்தான் முந்தலாம். வளைவுக்கு வளைவு நான் அவருக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு நிண்டன். மூண்டு தரமும் கையைக் காட்டினார்.

மத்தியானம் மெல்ல வந்து, "என்ன டயர் பிள்ளை?" எண்டு குனிஞ்சார். நான் கை துடைக்கிற துவாயை எடுத்து டயரிலை இருந்த பேரை மூடினன்.

அவர் அடுத்த தரம் ட்ராக்குக்கு எப்ப வாறார் எண்டு ஆருக்கும் தெரிஞ்சால் ஈமெயில் போடுங்கோ. நான் லீவு எடுக்கவேணும்.