வேகலை, சார்

ஆய்வகத்தில் எல்லாரும் அந்த இயந்திரத்தை ஆட்டோகிளேவ் என்றார்கள். அம்மா மட்டும் குக்கர் என்றாள். ஆள் உயர இரும்பு உருளை. உள்ளே வைப்பதை அழுத்தமான நீராவியில் அவித்துக் கிருமிகளைக் கொல்வது அதன் வேலை. "அவிக்கிற சாமானுக்கு வேற என்ன பேராம்?" என்று கேட்பாள்.

அவள் வேலை குக்கருக்கு அடுத்த கட்டம். நோய்க்கிருமி வளர்த்த கண்ணாடிக் குழாய்கள் அவிந்து கட்டுக்கட்டாக வரும். தேய்த்து, அலசி, காயவைத்து மேலே அனுப்ப வேண்டும். தரைத்தளத்தில் ஒரு நீளத் தொட்டி, ஒரு ஜன்னல், ஆணியில் தொங்கும் தூரிகைகள். பத்தொன்பது வருடம். தூரிகை உள்ளே போகிற சத்தத்தை வைத்தே குழாயில் எங்கே விரிசல் என்று சொல்லிவிடுவாள். யாராவது முகம் சுளித்தால், "உங்க செல்லங்க மிச்சம் வச்சதைத்தானே கழுவுறேன்" என்பாள்.

படிப்பு ஐந்தாவதோடு நின்றது. சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகள் அவளுக்குத் தெரியாத மொழியில் இருந்தன. டேப் மட்டும் புரிந்தது. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு துண்டு டேப் ஒட்டி இயந்திரத்துக்குள் வைப்பார்கள். அதில் வெளிறிய சாய்கோடுகள் இருக்கும். போதிய சூடு பட்டால் கறுக்கும். கறுத்த டேப்பைக் கிழித்துக் குப்பையில் போடுவாள். கறுக்காததை மகளின் பழைய ஜியோமெட்ரி நோட்டில் ஒட்டுவாள். கீழே தேதி. பக்கத்தில் ஒரு குழாயின் படம், மூடிக்கு நிறம். நீல மூடி என்றால் டைபாய்டு. ஆய்வகம் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர் வைத்தது.

பிரிவுத் தலைவருக்கும் ஒரு பெயர் உண்டு. டிகிரி. பெயருக்குப் பின்னால் வால் மாதிரி நீண்ட பட்டங்களுக்காக. அவர் எதிரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு நாள் அம்மா டேப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாடியேறினாள்.

"வேகலை, சார்."

"எது வேகலை? நீ என்ன சமையலா பண்றே?"

"கோடு பாருங்க, அப்படியே இருக்கு. இன்னொரு தடவை போட்டுக் கொடுங்க சார்."

"இருக்கிறது ஒரு மெஷின். ஒவ்வொரு கட்டுக்கும் நாற்பத்தஞ்சு நிமிஷம் ஓட்டினா என் வேலை நின்னுடும். பதினஞ்சு போதும். நீ போய்க் கழுவு."

கீழே வந்தவளை ஸ்டோர்காரர் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்னக்கா, என்ன சொன்னாரு?"

"அவர்கிட்ட நம்ம பருப்பு வேகாது தம்பி."

"மெஷின்லயே வேகலை. அவர்கிட்டயா வேகும்?"

சிரித்தார்கள். சிரித்துவிட்டு அம்மா கழுவினாள். நோட்டில் ஒட்டினாள். மறுபடி போய்ச் சொன்னாள். முப்பத்தொரு முறை.

முப்பத்தொன்றாவது டேப் ஒட்டிய பதினொன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து நாலு நாள் வேலைக்குப் போனாள், தெருவின் பொதுத் தொட்டியில் தண்ணீர் மொண்டாள், பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் சமைத்துக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் ஏழு வீடுகளில் ஆட்கள் படுத்தார்கள். மாதிரி எடுக்க ஆய்வகத்தின் ஆராய்ச்சிக் குழு பாட்டில்களோடு தெருவுக்கு வந்தது. யாரும் கதவைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே அம்மாதான் முதலில் மாதிரி கொடுத்தாள். "நம்ம ஆளுங்கதான், கொடுங்க" என்று தெருவுக்கும் சொல்லியனுப்பினாள்.

நம்ம ஆளுங்க ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு படம். நடுவே ஒரு வட்டம், அதிலிருந்து ஏழு அம்புக்குறிகள். வட்டத்துக்குள் 'முதல் நோயாளி, கழுவுநர், தனிநபர் சுகாதாரக் குறைவு' என்று இருந்தது. கட்டுரையின் முதல் பெயர் டிகிரியுடையது. ஆய்வகக் கண்ணாடிகள் யாவும் முறைப்படி அவிக்கப்பட்டவை என்று ஒரு வரி. அம்மாவின் உடலில் கிடைத்த கிருமியை ஆய்வகத்தில் வளர்த்த கிருமியோடு ஒப்பிட்டார்களா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

தெருவுக்கு நோய் அம்மாவின் கையால்தான் போனது. மகள் அதை ஒருபோதும் மறுத்ததில்லை. அந்தக் கைக்கு நோய் எங்கிருந்து வந்தது? வட்டத்துக்குள் நுழையும் அம்புக்குறியை யாரும் வரையவில்லை.

கட்டுரை பற்றிய பேச்சு எப்படியோ தெருவுக்கு எட்டியது. சமையல் வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவி, அம்மாவின் பாத்திரத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பளபளவென்று தேய்த்திருந்தாள். நிறுவனம் அம்மாவைக் கை கழுவியது. விடுப்புக் கடிதத்துக்குக்கூடப் பதில் வரவில்லை. நோய் முற்றிக் குடல் ஓட்டையாகி இறந்துபோனாள். போவதற்கு முதல் நாள் மகளிடம், "நான் கை கழுவினேன்டி. ரெண்டு தடவை" என்றாள்.

மகள் அழுதது கொஞ்சம். படித்தது நிறைய. நீராவி, அழுத்தம், வெப்ப உணரி. பதினொரு வருடம் கழித்து, ஆய்வகங்களின் ஆட்டோகிளேவ்களைச் சோதித்துச் சான்று தரும் பொறியாளரானாள். அலுவலகத்தில் அந்த நிறுவனத்தின் பெயரில் வேலை வந்தபோது அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். முறைப்படி விலகியிருக்க வேண்டும். விலகவில்லை.

டிகிரி இப்போது இயக்குநர். கொள்ளைநோய் ஆராய்ச்சிக்குப் புதுப் பிரிவு திறக்கப்போகிறார்கள், அவர் பெயரிலேயே. பெயர்ப்பலகை வந்து சுவரோரம் சாய்ந்திருந்தது. உரிமம் கிடைக்க ஒரு சான்று பாக்கி. இயந்திரம் அம்மாவின் அதே பழைய குக்கர்தான். தகட்டில் அதே எண். உள்ளுறுப்புகளை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

பன்னிரண்டு உணரிகளை உள்ளே பொருத்தினாள். சூட்டை எளிதில் தாங்கும் கிருமியின் உயிருள்ள நுண்வித்து அடைத்த ஆறு சிமிழ்களை இடத்துக்கொன்றாக வைத்து இயந்திரத்தை ஓட்டினாள். ஏழாவது சிமிழை மட்டும் அவிக்காமல் ஒப்பீட்டுக்கு வெளியே வைத்தாள். இரண்டு நாள் இளஞ்சூட்டில் வைத்தால், வித்து பிழைத்திருந்தால் சிமிழ் மஞ்சளாகும். செத்திருந்தால் ஊதாவாகவே இருக்கும்.

இரண்டு நாள் கழித்து முற்பகலில் வந்து பார்த்தாள். ஆறும் ஊதா. ஏழாவது மஞ்சள்.

இயந்திரம் தேறிவிட்டது.

மஞ்சள் சிமிழைக் கையில் எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு நகம் பட்டால் உரிந்துவரும். ஊதா ஒன்றின் சீட்டை இதில் ஒட்டினால் போதும், புதுப் பிரிவு மண். சீட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். வெந்ததை வேகலை என்று சொன்னால், அம்மா சொன்ன முப்பத்தொன்றையும் யார் நம்புவார்கள்? சிமிழைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

டிகிரி உள்ளே வந்தார். பின்னால் கோப்புகளோடு ஸ்டோர்காரர். முதல் நாளே அவளை அடையாளம் கண்டுகொண்டு வாய் திறக்காமல் இருப்பவர்.

"என்னம்மா, வெந்துச்சா?" என்று டிகிரி சிரித்தார். "இங்க முன்னாடி ஒருத்தி இருந்தா. எப்பப் பாத்தாலும் வேகலை சார், வேகலை சார்னு உயிரை எடுப்பா. கடைசியில அவளாலதான் ஒரு தெருவே படுத்துச்சு."

"எதை வச்சு சார் வேகலைன்னு சொன்னாங்க?"

"ஏதோ டேப்பைப் பிச்சு எடுத்துக்கிட்டு மாடிக்கு வருவா."

"அடிக்கடி வருவாங்களா?"

"வாரம் தவறாது!"

ஸ்டோர்காரர் தரையைப் பார்த்தார்.

மகள் படிவத்தைத் திருப்பினாள். "இயந்திரத்தோட முந்தைய கோளாறுகள்னு ஒரு இடம் இருக்கு. எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அதெல்லாம் பழங்கதை. இப்ப பாஸா, இல்லையா?"

"பாஸ் சார். எழுதிட்டேன்." பையிலிருந்து ஜியோமெட்ரி நோட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள். "மாமா, அந்த வருஷத்து இயக்கப் பதிவேடு?"

ஸ்டோர்காரர் எல்லாக் கோப்புகளுக்கும் அடியில் இருந்ததை உருவிக் கொடுத்தார். பரணில் பதினொரு வருடம் காத்துவைத்தது. ஒரு பக்கம் நோட்டில் டேப், மறுபக்கம் பதிவேட்டில் அதே தேதியில் '121 டிகிரி, 45 நிமிடம், சரி' என்று டிகிரியின் கையெழுத்து. முப்பத்தொரு தேதிகள். கடைசியாக ஒரு நீல மூடி.

டிகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "டேப்பெல்லாம் ஒரு ஆதாரமா? கோடு கறுத்தாலே கிருமி செத்துச்சுன்னு சொல்ல முடியாது. பாடத்துலயே இருக்கு."

"இருக்கு சார். கறுக்கலைன்னா?"

டிகிரி நோட்டை மூடப் போனார்.

"கறுக்கலைன்னா வேகலைன்னு உறுதி. அதுவும் பாடத்துல இருக்கு. நீங்க எழுதின பாடம்."

"யாரும்மா நீ?"

"டேப்பக்கா பொண்ணு."

டிகிரி உட்கார்ந்தார். ஸ்டோர்காரர் கதவைச் சாத்தினார்.

படிவத்தில் 'சோதனையாளருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பு' என்ற இடத்தை அதுவரை அவள் காலியாக விட்டிருந்தாள். 'இங்கு கழுவுநராக இருந்து இறந்தவரின் மகள்' என்று எழுதினாள். இன்னொருவர் வந்து மறுபடி சோதிப்பார். சோதிக்கட்டும். இயந்திரம் மறுபடி தேறும். நோட்டும் மறுபடி மேசைக்கு வரும்.

"என்ன வேணும் உனக்கு?" குரல் இறங்கியிருந்தது.

"எதுவும் இல்லைங்கிறதை அடிச்சுட்டு உங்க கையால எழுதுங்க. நீங்களே எழுதினா திருத்தம். இந்த நோட்டையும் பதிவேட்டையும் நான் இணைச்சு அனுப்பினா, நீங்க கொடுத்தது பொய்ச் சான்று. ரெண்டுல எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"யோசிக்கக் கொஞ்சம் டைம் கொடும்மா."

அவள் சோதனைக் கடிகாரத்தைத் திருகி அவர் முன்னால் வைத்தாள். "நாற்பத்தஞ்சு நிமிஷம் தர்றேன் சார். எங்கம்மாவுக்கு நீங்க பதினஞ்சுதான் கொடுத்தீங்க."

கடிகாரம் ஓடியது. அவர் ஒருமுறை நோட்டைப் புரட்டினார். ஒருமுறை ஜன்னல் வழியே பெயர்ப்பலகையைப் பார்த்தார். ஒருமுறை, "அன்னைக்கு எனக்கும் மேல இருந்து நெருக்கடி" என்றார். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்து மூக்குவரை இறங்குவதை மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கைக்குட்டையை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

நாற்பத்திரண்டாவது நிமிடம் பேனாவை எடுத்தார். 'முப்பத்தொரு முறை கிருமிநீக்கம் முழுமையடையவில்லை. நடவடிக்கை எடுக்கப்படவில்லை.'

"நடுவுல ரெண்டு வார்த்தை விட்டுப்போச்சு சார்."

நிமிர்ந்தார்.

"ஊழியர் தெரிவித்தார்."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். பட்டங்கள் எதையும் போடவில்லை.

கழுவும் அறையில் ஸ்டோர்காரர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். தொட்டி அதேதான். ஆணியில் வேறு தூரிகைகள்.

"மனசு ஆறிச்சா பாப்பா?"

"சூடே இப்பத்தான் ஏறுது மாமா." ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை அலசிக் கவிழ்த்தாள். "அம்மாகிட்ட எடுத்த கிருமி குளிர்பெட்டியில இன்னும் இருக்கா?"

"இருக்கு. நாப்பத்தெட்டாம் நம்பர். அந்த வருஷம் நாம வளத்த கிருமியும் அதே தட்டுலதான் இருக்கு. யாரும் தொடலை."

"ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லி எழுதணும். அதுக்கு மேல கட்டுரையில போட்ட அந்த அம்புக்குறிப் படத்தை அவங்களே திரும்ப வரையட்டும்."

"டிகிரி விடுவாரா?"

"அவர் கையெழுத்து இருக்கே," என்று படிவத்தைத் தட்டினாள். "தாள் இருந்தா கொடுங்க மாமா."