எலுமிச்சம்பழமும் ரிவர்ஸ் கியரும்

எங்கள் கார் பயணங்கள் எல்லாவற்றிலும் நான் இடது இருக்கையில் பிளாஸ்க்கை மடியில் வைத்து உட்கார்ந்து வந்தவள். ஓட்டுவது எப்போதும் என் கணவர். சென்ற வருடம் லைசென்ஸ் வாங்கியதும், கரமனை வீட்டிலிருந்து திருநெல்வேலி வரை நானே ஓட்டுவது என்று முடிவானது.

காலையில் மாமியார் வழக்கம்போல நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். எங்கள் தெரு ஆற்றுப் படித்துறையில் முடிந்துவிடும். அதனால் கணவர் காரை எப்போதும் ரிவர்ஸில் கொண்டுவந்து, ரோட்டைப் பார்த்து நிறுத்துவார். முந்தின நாள் நானோ நேராக ஓட்டிவந்து படித்துறையைப் பார்த்து நிறுத்தியிருந்தேன்.

"பழம் முன்னாடி இருக்கு, வண்டி பின்னாடின்னா போணும்!" என்று கணவர் சிரித்தார். "நீ எறங்கு, கேட்டயா. ரோடு வரைக்கும் நான் எடுத்துத் தரேன்."

இறங்கினால் திருநெல்வேலி வரை அவர்தான் ஓட்டுவார் என்று எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கை விடவில்லை.

மாமியார் குனிந்து பழங்களைச் சக்கரங்களுக்குப் பின்னால் மாற்றி வைத்தார். "நீ எடுடீ. டேய், நீ போய் அந்தப் பக்கம் உக்காரு."

ரிவர்ஸ் போட்டேன். பழங்கள் பொட்டுப் பொட்டென்று நசுங்கின.

"லெஃப்ட், லெஃப்ட்! வாசப்படியில இடிக்கப்போறாய்!" என்று கணவர் பக்கத்து இருக்கையிலிருந்து கத்தினார்.

"சித்த சும்மா இருங்கோ!"

எதிலும் உரசாமல் ரோட்டில் ஏறியபோது எனக்குக் கூவ வேண்டும்போல் இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று காரைப் பிடித்துத் தள்ளியபோது நிஜமாகவே கூவிவிட்டேன். பக்கத்து இருக்கையை ஓரக்கண்ணால் பார்த்தேன். பிளாஸ்க்கை மடியில் வைத்தபடி அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.