சிஸ்டர் ரொம்பப் பாவம்

தெஹியோவிட்ட ஓட்டோ ஸ்டாண்டில் யார் ஏறினாலும் செல்லையா முதலில் ஆங்கிலத்தில்தான் விசாரிப்பார். "கம், சிட், வேர் கோயிங்?" மருந்து வாங்கப் போகும் ரப்பர்த் தோட்டத்து அம்மாவுக்கும் இதே மரியாதைதான். அந்த அம்மா திருதிருவென்று முழித்தால், "பயந்துக்காதீங்க, எனக்கும் வெளங்கல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார்.

அறுபத்திரண்டு வயது. முடி காதோரத்தில் மட்டும் மிச்சம். ஓட்டோவின் முன்கண்ணாடியில் முருகன் படமும் ஒரு ஜெபமாலையும் சேர்ந்தே ஆடும். எதற்கு இரண்டும் என்று கேட்டால், "பிரேக் சரியில்லைங்க" என்பார். ஆங்கிலம் வந்த வழியையும் அவரே சொல்வார்: "தொரை பங்களாவுல ரெண்டு வருசம் பூச்செடிக்குத் தண்ணி ஊத்துனேன். அங்க எங்கிட்ட பேசுன இங்கிலீசு ரெண்டே ரெண்டுதான். கம் ஹியர், கெட் அவுட். மிச்சத்த நானா வளத்துக்கிட்டேன்."

ஜெபமாலை சிஸ்டர் பெர்னதெத் கொடுத்தது. எழுபத்துநான்கு வயதுக் கன்னியாஸ்திரி. பதினெட்டு வருடமாகத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவர்; போவது செல்லையாவின் ஓட்டோவில். மேட்டில் வண்டி திணறினால் இறங்கித் தள்ளவும் செய்வார். உலகமெங்கும் மடங்கள் உள்ள அவருடைய சபைக்கு இந்த வருடம் நூற்றைம்பது ஆண்டு நிறைவு. இரத்தினபுரியில் பெரிய விழா. வெளிநாட்டிலிருந்து சபைத் தலைவியே வருகிறார். விழா முடிந்த கையோடு சிஸ்டரைக் கொழும்பிலுள்ள முதியோர் மடத்துக்கு அனுப்பப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது லயத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. தலைவியிடம் நேரிலேயே கேட்டுவிடுவது, கேட்பது செல்லையா என்று முடிவாயிற்று.

சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "சிங்களத்துல பேசுங்க, அங்க மாத்திச் சொல்ல ஆள் இருக்கும்" என்று மனைவி விஜயகலா படித்துப் படித்துச் சொன்னாள். கேட்டால் அவர் செல்லையா இல்லையே. "நம்ம சிஸ்டருக்காக நம்ம வாயாலயே கேக்கணும் புள்ள" என்று வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மண்டபம் நிறையப் பல நாட்டுக் கன்னியர். தோட்டத்தில் சிஸ்டரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது, "சிஸ்டர் ரொம்பப் பாவம்." மைக்கைப் பிடித்த செல்லையா அதையே சொல்லுக்குச் சொல் மாற்றினார்.

"மதர், சிஸ்டர் வெரி சின்! எய்ட்டீன் இயர்ஸ் சின்! ரெயின், சன், ஆல் டைம் சின்!"

தலைவியின் முகம் வெளுத்துவிட்டது. சிஸ்டர் பெர்னதெத் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்திலிருந்த இளம் சிஸ்டர் ஒருவர் பதறிப்போய்க் கிசுகிசுத்தார்: "ஐயா, சின்னுன்னா செஞ்ச பாவம். ஐயோ பாவம் இல்ல!"

காப்பாற்ற வந்த இடத்தில் அந்த மகராசியை உலகறியப் பாவியாக்கிவிட்டோமே என்று செல்லையாவுக்கு அழுகை முட்டியது. நெஞ்சில் அடித்துக்கொண்டார். "சிஸ்டர் நோ சின்! மீ சின்! சிஸ்டர் நோ கோ!" அன்றைக்குத் தாம் பேசிய ஒரே சரியான ஆங்கிலம் அதுதான் என்று இன்றும் ஸ்டாண்டில் சொல்லிச் சிரிக்கிறார். பிறகு தமிழுக்கே வந்து, "அவங்க போயிட்டா எங்களுக்கு யாருமில்லீங்க" என்றார். அதை இளம் சிஸ்டர் ஆங்கிலத்தில் சொன்னார்.

தலைவி எழுந்து வந்தார். சிஸ்டரைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு செல்லையாவின் பக்கம் திரும்பி, "ஒன் இயர்" என்று ஒரு விரலைக் காட்டினார்.

செல்லையா இனி வாயைத் திறப்பதாக இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைவியின் முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டினார்.