ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் கழுத்து, முழங்கால், பாதம் இந்த மூன்றை மட்டும் பார்த்துச் சம்பளம் வாங்குகிற வேலை ஒன்று உண்டு. அதைப் பதினோரு வருடம் பார்த்தவன் நான். எழுபதுகளில், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், மெட்ராஸ் கம்பெனி அதிகாரிகள் வந்து ஆடுவதற்காக ஒன்பது குழி வெட்டி வைத்திருந்த சின்ன கோல்ஃப் கிளப் அது. உடை மாற்றும் அறைக்கு நான் கிளார்க். காலர் இல்லாத சட்டை, வேட்டி, லுங்கி, செருப்பு எது வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர்களுக்கும், ஆஸ்பத்திரி வாசலில் ‘பார்வை நேரம் முடிந்தது’ என்று கையை நீட்டி மறித்தவர்களுக்கும் என் பாடு சொல்லாமலே புரியும். சட்டம் போட்டவன் ஏதோ ஒரு அறையில் விசிறிக்குக் கீழே இருப்பான். திட்டு வாங்குவது நாம்தான்.

நாலு அங்குலம்

அரை டிரவுசர் போடலாம். ஆனால் முழங்காலுக்கு மேல் நாலு அங்குலத்தைத் தாண்டி ஏறக் கூடாது, கீழே முழங்கால் வரை ஸ்டாக்கிங்ஸ் இருக்க வேண்டும். இதற்காகவே ஒரு மர ஸ்கேல் வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு கம்பெனியின் பெரிய மானேஜர் புது டிரவுசரில் காரை விட்டு இறங்கினார். எனக்குக் கண் உறுத்தியது. மண்டி போட்டு அளந்தேன். நாலே முக்கால். ‘மன்னிக்கணும் சார், விடமுடியாது’ என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. வண்டியில் ஏறும்போது சொன்னார்:

“கல்யாணமாகி இருபது வருஷம் ஆகுது. என் சம்சாரம்கூட என் முட்டிய இப்படி உத்துப் பாத்ததில்லப்பா.”

விருந்தாளிக்கு மட்டும்

அறையில் ஒரு இரவல் பீரோ இருந்தது. உறுப்பினர்கள் மறந்துவிட்டுப் போனதெல்லாம் அதற்குள். காலர் வைத்த வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறப் பேண்ட், ஸ்டாக்கிங்ஸ், அடியில் ஆணி வைத்த ஒன்பதாம் நம்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. உறுப்பினர் கூட்டி வருகிற விருந்தாளி தகுந்த உடையில்லாமல் வந்தால், பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு இரவல் தரலாம். வேறு யாருக்கும் தரக் கூடாது. சாவி என் இடுப்பில்.

பிள்ளைப்பாக்கத்து ஏழுமலை எங்களிடம், ஆடுகிறவர்கள் பின்னாலேயே மட்டைப் பை தூக்கிக்கொண்டு போகிற வேலையில் இருந்தான். முப்பது வயதிருக்கும். செருப்புக் குதி புல்லைக் கெடுக்கும் என்று பை தூக்குகிறவர்களை வெறுங்காலோடுதான் நடக்கவிடுவார்கள். ஓய்வு நேரத்தில் ஷெட்டுக்குப் பின்னால் உடைந்த மட்டையை வைத்து ஆடிப் பார்ப்பான். அடிப்பதற்கு முன் இடது காலால் தரையை இரண்டு தட்டு தட்டுவான், பிறகு வீசுவான். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அந்த வீச்சு வராது. திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை; உடை சரியாக இருந்தால் பணியாளர்களும் ஆடலாம் என்று சட்டமே இருந்தது. அந்த ‘சரியாக இருந்தால்’ காரணமாக ஒருவரும் ஆடியதில்லை.

ஐப்பசி மாதம் ஒருநாள் அவன் பீரோ பக்கத்தில் வந்து நின்றான். “நீ விருந்தாளி இல்லையேப்பா” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவனும் சிரித்தான்.

“ஒரே ஒரு வாட்டி சார். மொத குழிலேர்ந்து ஒம்போதாவது குழி வரிக்கும், பூட்ஸு போட்டுகினு நடந்தா எப்டி கீதுன்னு பாக்கணும், அவ்ளோதான்.”

ஆறாவது குழி

அதற்கு அடுத்த வாரம், காலை ஒன்பது மணி. ஆறாவது குழிக்கு ஓரமாக மழையில் வளர்ந்த புல் முழங்கால் உயரம் நின்றது. ஒரு உறுப்பினர் அடித்த பந்து அதற்குள் போய்விட்டது. தேடப் போன ஏழுமலையைக் கண்ணாடி விரியன் கணுக்காலுக்குக் கீழே பிடித்துவிட்டது. ஜீப்பில் போட்டுக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவன் தலை என் மடியில் இருந்தது. பாதி வழியிலேயே கனத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில், உயிர் போய்விட்டது என்றார்கள். அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்துப் பழகிய கண் அல்லவா. காயத்தைத் துணியால் மூடிய கம்பவுண்டர் என்னை யாரென்று கேட்கவில்லை. அவர் பாட்டுக்குச் சொன்னார்:

“காலுல ஒரு பூட்ஸு இருந்திருந்தா பல்லு எறங்கியிருக்காதே.”

ஒட்டுப்புல்

கார்த்திகை பிறந்தது. காலையில் பீரோவைத் திறந்தால் பூட்ஸ் நனைந்திருந்தது. ஆணிகளுக்கு நடுவே சேறு. பேண்ட்டின் கீழ் ஓரமெல்லாம் ஒட்டுப்புல். முதல் நாள் யாருக்கும் இரவல் தரவில்லை, பூட்டு பூட்டினபடி இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. துடைத்து வைத்தேன். மறுநாள் மறுபடி ஈரம். வெளியே போய்ப் பார்த்தேன். பனி விழுந்த புல்லில் ஆணித் தடம் ஆறாவது குழிக்கு ஓரம் வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தது. அங்கே வந்து சேர்ந்த தடமும் இல்லை, திரும்பிப் போன தடமும் இல்லை.

துணி வெளுக்கிற கன்னியம்மா பேண்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“தெனிக்கும் இத்தப் போட்டுகினு புல்லுல பூந்து இன்னா சார் தேடுற நீ?”

முந்திக்கொள்ளும் சட்டை

மார்கழியில் ஒரு உறுப்பினர் தன் மைத்துனரைக் கூட்டி வந்தார். கோல்ஃப் மட்டையைத் தொட்டே அறியாதவர், வேட்டியில் வந்திருந்தார். வேறு வழியில்லை; பதிவேட்டில் பெயரை எழுதிக்கொண்டு பீரோவைத் திறந்தேன். முதல் குழியில் அவர் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடது காலால் தரையை இரண்டு தட்டு தட்டினார். பிறகு வீசினார். பந்து போன போக்கில், கூட்டி வந்த உறுப்பினரே வாயைப் பிளந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து குழி அப்படியே ஆடினாராம். ஆறாவதில் கால் நகர மறுத்துவிட்டதாம். முகம் வெளுத்துப் போய்த் திரும்பி வந்து, சட்டையைத் தலைவழியாகப் பிடுங்கி என் மேஜையில் போட்டார்.

“நான் திரும்பறதுக்கு முன்னாடியே சட்டை திரும்புதுங்க. எனக்கு முன்னாடி யாருங்க இதப் போட்டிருந்தது?”

சந்தேகம்

இந்தச் சேதி கிளப் செக்ரட்டரி காதுக்குப் போயிற்று. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பேய், பிசாசு என்று சொன்னால் சிரிப்பார். வந்து பீரோவைத் திறக்கச் சொன்னார். பூட்ஸுக்குள் விரலை விட்டுப் பார்த்தார், ஈரம். சாவி ஒன்றுதான், அது யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த வேலையையும் விட்டால் எனக்கு நாதியில்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

“செவ்வாக்கிழமை காலையில இந்த உருப்படி மொத்தத்தையும் நீயே கொளுத்துற. அதுக்குள்ள இன்னொரு தடவை ஈரம் பாத்தேன்னா நீயும் வீட்டுக்குப் போகலாம்.”

திங்கட்கிழமை

அன்று ஞாயிறு. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, சட்டை, பேண்ட், ஸ்டாக்கிங்ஸ், பூட்ஸ் எல்லாவற்றையும் எடுத்து பெஞ்சின் மேல் வரிசையாக வைத்தேன். பீரோவைப் பூட்டவில்லை. பதிவேட்டை விரித்து, விருந்தாளி என்ற பத்தியில் ‘ஏழுமலை, பிள்ளைப்பாக்கம்’ என்று எழுதினேன். அழைத்து வந்த உறுப்பினர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். உறுப்பினராக எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் போட்டேன். ‘ஏழுமலை, அன்னைக்கே இதை எழுதியிருக்கணும்’ என்று வெறும் அறையில் வாய்விட்டுச் சொன்னேன்.

திங்கள் காலை எட்டு மணிக்கு வந்தேன். ஏரிப் பக்கமிருந்து வந்த பனி அப்போதும் முழுக்க விலகியிருக்கவில்லை. புல்லில் ஆணித் தடம் முதல் குழியில் தொடங்கியிருந்தது. இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போய், ஆறாவதைத் தாண்டி, ஒன்பதாவது குழியில் முடிந்திருந்தது. குழிக்குள் ஒரு பந்து. ஓடி வந்து அறையைத் திறந்தேன். சட்டையும் பேண்ட்டும் பெஞ்சில் மடித்தபடி இருந்தன. ஸ்டாக்கிங்ஸ் அதன் மேல். எல்லாம் காய்ந்து கிடந்தன. ஒட்டுப்புல் ஒன்றுகூட இல்லை. பூட்ஸைத்தான் காணோம். கிளப் முழுக்கத் தேடினேன், கிடைக்கவே இல்லை.

வாட்ச்மேன் சாமிக்கண்ணு வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஏழுமலையைப் பார்த்ததே இல்லை. அவனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தது நான். காலையில் யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

“விடிஞ்சதும் பனிக்குள்ள ஒருத்தரு தனியா ஆடிகினு இருந்தாரு சார். காலரு, பேண்ட்டு, பூட்ஸு எல்லாம் கரெக்டா கீது. நீதானே சொன்னே, அது சரியா இருந்தா மூஞ்சியப் பாக்காதேன்னு!”

செவ்வாய்க்கிழமை சட்டை, பேண்ட், ஸ்டாக்கிங்ஸ் மூன்றையும் கொளுத்தினேன்; பூட்ஸும் அதிலேயே எரிந்துவிட்டது என்று செக்ரட்டரியிடம் சொன்னேன், வேலையும் தப்பியது. பதினோரு வருடத்தில் இரவல் வாங்கிப் போனதைத் திருப்பித் தரும்படி நான் கேட்கத் துணியாத விருந்தாளி அவர் ஒருவர்தான்.