ஜன்னல் திறக்காத மாடி

புதுச்சேரி மூலக்குளத்தில் சொந்த வீடு இருந்தும் ஒன்றரை வருடம் நான் மும்பையில், நாற்பத்தோராவது மாடியில் இருந்தேன். நடமாட முடியாத பெரியவர்களை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதுச்சேரியில் அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பக்கவாதத்தில் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரே மகள் மும்பையில் பெரிய வேலையில் இருந்தார். வந்து, அப்பாவின் வீட்டை ஒரு விடுதிக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு அவரைக் கூட்டிப்போனார். தமிழ் பேசுகிற ஆள் வேண்டுமென்று என்னையும் வரச் சொன்னார்.

கோடீசுவரர்களுக்கென்று கட்டிய கட்டடம் அது. கீழே நீச்சல் குளம், சினிமா பார்க்கத் தனி அரங்கு. எங்களைப் போன்றவர்களுக்கு வேறு லிஃப்ட். ஐயாவின் அறையில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கடல் முழுவதும் தெரியும், சத்தம் மட்டும் வராது. அந்தக் கண்ணாடியைத் திறக்கவும் முடியாது. மழைக்காலத்தில் மேகம் வந்து அடைத்துக்கொண்டால் நாள் முழுக்க வெளியே வெறும் வெள்ளைதான்.

அங்கே போன பிறகு அவர் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, பதிலே சொல்லாத மனிதரோடு நானே பேசிக்கொண்டிருந்ததில் எனக்கும் அலுத்துப்போனது. உடம்பு அலுப்பென்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். இது போகவில்லை.

ஒருநாள் காலையில் அபாய மணி அடித்தது. லிஃப்டுகள் நின்றுவிட்டன. நானும் ஒரு காவலாளியும் ஐயாவைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியில் இறங்கினோம். மகள் பின்னாலேயே வந்தார். தீப்பிடித்தால் ஆட்கள் ஒதுங்கி நிற்பதற்கென்று அந்தக் கட்டடத்தில் நடுநடுவே திறந்த தளங்கள் விட்டிருக்கிறார்கள். எங்களுக்குக் கிட்டே இருந்த தளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நாற்காலியை இரண்டு முறை படியில் இறக்கி வைக்கவேண்டியிருந்தது.

அங்கே காற்று முகத்தில் அடித்தது. கீழே சாலையில் அடிக்கும் ஹாரன் கூடக் கேட்டது. நாயைத் தூக்கிக்கொண்டு வந்தவர், கையில் மாவோடு ஓடிவந்த சமையல்காரம்மா என்று ஒரே கூட்டம். அதுவரை நான் பார்த்திராத பக்கத்து வீட்டுக்காரர்களை அன்றுதான் பார்த்தேன். ஐயா வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தார்.

யார் வீட்டு அடுப்பிலோ எண்ணெய் புகைந்திருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார்கள். எல்லோரும் லிஃப்டுக்குக் கிளம்பினார்கள். நான் நாற்காலியைத் திருப்பினேன். அவர் நல்ல கையால் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் மேல வரல."

"அப்பா, இங்கல்லாம் உக்கார விட மாட்டாங்கப்பா" என்றார் மகள்.

"மேல மூச்சு முட்டுதும்மா. என்னை ஊர்ல கொண்டு போய் விட்டுடு."

வெகுநாள் கழித்து அவர் பேசிய பேச்சு அது. மகள் அந்தத் தூசித் தரையிலேயே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதான் அந்த அறையைப் பார்த்துப் பார்த்து அமைத்ததாக என்னிடம் சொன்னார். காவலாளி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

தினமும் சிறிது நேரம் அவரை அங்கே கூட்டிப்போக மகள் அனுமதி கேட்டுப் பார்த்தார். அவசரத்துக்கு மட்டுமே அந்த இடம் என்று நிர்வாகத்தில் மறுத்துவிட்டார்கள்.

அந்த மாதமே ஊர் திரும்பினோம். பழைய வீட்டில் விடுதி நடந்துகொண்டிருந்ததால் லாஸ்பேட்டையில் ஒரு தரைத்தள வீடு பார்த்தார் மகள். வாசலை ஒட்டி ரோடு. கல்லூரிப் பிள்ளைகளின் ஸ்கூட்டர் சத்தத்தை ஐயா வாய் ஓயாமல் திட்டினார். நான் ஜன்னலைச் சாத்தப்போனால் அதற்கும் திட்டு விழும்.

அதன் பிறகு ஐயா ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடிருந்தார். கடைசி வாரத்தில் மகள் வந்து பக்கத்திலேயே இருந்தார். அடக்கப் பூசை முடிந்து கல்லறையிலிருந்து திரும்பியபோது, மும்பையில் தன் மாமியாரும் படுக்கையில் விழுந்துவிட்டதாகச் சொல்லி, வருகிறீர்களா என்று கேட்டார்.

"முடியலம்மா" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. சென்னை ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் காரிலேயே என்னை மூலக்குளத்தில் இறக்கிவிட்டுப் போனார். நான் உள்ளே போய், சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துத் தூங்கினேன்.