எதிரில் நிற்பவள்

வீட்டு ஆண்பிள்ளை வேலைக்குக் கிளம்பும்போது நான் எதிரில் வரக்கூடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கோயமுத்தூரில், இருபது வயதைத் தாண்டுவதற்குள் புருஷனைப் பறிகொடுத்து வெள்ளைச் சீலை கட்டிய எனக்கு விதித்த முதல் சட்டம் அதுதான். கொழுந்தனார் மில்லுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து மாமியார் குரல் கொடுப்பார்: "கண்ணு, தம்பி பொறப்படுது. பொடக்காலிப் பக்கம் போயிரு சாமி." எங்கள் பக்கத்தில் விரட்டும்போதும் கண்ணு, சாமி என்று கொஞ்சித்தான் விரட்டுவார்கள். கேட்க இனிக்கும். வயிறு எரியும்.

பொடக்காலியில், கொல்லைப்புறச் சாம்பல் குவியலுக்குப் பக்கத்தில் எத்தனை நாள் நிற்பது? ஒரு நாள் பின்கதவைத் திறந்துகொண்டு நடந்தேன். நாலு தெரு தள்ளி முனிசிபாலிட்டி பார்க் இருந்தது. முந்தானைக்குள் என் புருஷனின் கேமராப் பெட்டி. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் ஆசைப்பட்டு வாங்கியது அது. எனக்கு எடுக்கச் சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள் விஷக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அந்தக் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. இடுப்பருகே பிடித்துக்கொண்டு, மேலே உள்ள சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். மரத்தடியில் அப்படி நான் நின்றதைப் பார்த்து, கோட்டுப் போட்டு உலாவ வந்த ஒரு பெரியவர் கூட வந்தவரிடம் சொன்னார்: "பாவமுங்க, அடக்கமான புள்ளை. தலையவே தூக்க மாட்டீங்குது பாருங்க." அடக்கமாம்! என் கைக்குள் ஒரு முழு சரக்கொன்றை மரம் இருந்தது.

ரவிக்கை தைத்துக் கொடுத்த காசில் பிலிம் வாங்கினேன். முதல் சுருளைக் கழுவிய போட்டோக் கடைக்காரர் தலையில் கை வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணுலயும் ஆளே இல்லீங்களே! பூராவும் வீணாப் போச்சுங்களே!"

"ஆளுங்களைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சுங்க," என்றேன்.

படங்களை வாங்கிப் பார்த்தேன். தேன்சிட்டு ஒரு தீற்றலாக இருந்தது. கொன்றையின் மஞ்சள் எங்கே போனதோ, பூவெல்லாம் கறுத்துக் கிடந்தது. ஆனாலும் அது பூதான். நிறத்தை உருவிக்கொண்டாலும் பூ பூவாகவே தொங்கிக்கொண்டிருந்தது. தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். என் புருஷன் போன பிறகு நான் அழுத அழுகைகளில் அது ஒன்றுதான் எனக்கு நல்லது செய்தது. அன்றிலிருந்து விடிந்தால் பார்க்தான். பூவரசு, ஓணான், மழைத் தண்ணீர் தேங்கிய நடைபாதை, எதையும் விடவில்லை. பூ வைக்கக்கூடாது என்றுதானே சொன்னார்கள்? பார்க்கக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் அதையும் சொல்லிவிட்டார்கள். யாரோ போட்டுக் கொடுத்து விஷயம் வீட்டுக்கு வந்தது.

"அண்ணனே போயாச்சு, அந்தப் பொட்டி எதுக்குங்கம்மா? போட்டோக் கடைக்காரர் கேக்கறாரு. குடுத்துப்போடலாம்," என்றார் கொழுந்தனார்.

மாமியாரும் ஒத்து ஊதினார்: "தாலியறுத்தவ பூவைப் படம் புடிச்சு என்ன பண்ணப்போறா?"

நான் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதைக் கொடுத்துவிட்டால் எனக்கு மிச்சம் அந்தச் சாம்பல் குவியல்தான். "என்னையும் சேத்தி வித்துப்போடுங்க," என்றேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

பேச்சு அப்படியே நிற்கையில் நாத்தனாருக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பம்பாயில் இருந்தார். பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரயிலேறுவாராம். மாமியாருக்குப் பெண்ணைப் போட்டோக் கடைக்கு அழைத்துப்போக மனமில்லை. "கறுப்புத் துணிக்குள்ள தலைய உட்டுக்கிட்டு எவனோ ஒருத்தன் எம்புள்ளையப் பாக்கறதா?" என்று குதித்தார். பிறகு அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலில் தேன் வடிந்தது.

"அம்மணி, நீயே ஒரு படம் எடுத்துரு கண்ணு."

"எடுக்கறனுங்க அத்தை. ஆனாப் படம் புடிக்கோணும்னா நான் எதிர்லதானுங்க நிக்கோணும்."

அவர் முகம் சுண்டிவிட்டது. கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு எதிரில் வெள்ளைச் சீலைக்காரியா! "கதவுக்குப் பின்னால நின்னு எடுக்க முடியாதா?" என்றார்.

"எடுக்கலாமுங்க. கதவு நல்லா வருமுங்க."

உள்ளிருந்து நாத்தனார் களுக்கென்று சிரித்துவிட்டாள். அண்ணன் மனைவியை நங்கை என்பது எங்கள் வழக்கம். "நங்கை எதிர்லயே நிக்கட்டும். இல்லீனா எனக்குப் படமும் வேண்டாம், பம்பாயும் வேண்டாம்," என்றாள். அந்தப் பெண்ணுக்கு நான் கோயில் கட்டியிருப்பேன்.

பிடி என் கைக்கு வந்துவிட்டது, விடுவேனா? வீட்டுக்குள் வெளிச்சம் போதாது, பார்க்கில்தான் எடுப்பேன் என்றேன். பெண்ணோடு முன்வாசல் வழியாகத்தான் வருவேன் என்றேன். கேமரா இனி என்னுடையது என்றேன். மாமியார் எல்லாவற்றுக்கும் "செரி, செரி" என்று எழுந்து போனார்.

கொன்றை மரத்தடியில் அவளை நிறுத்தினேன். "பூ நேரா இருக்குதுங்களா நங்கை?" என்று தலையைக் காட்டினாள். என் கையாலேயே அவள் மல்லிகையைச் சரிசெய்தேன். கூட வந்த மாமியார் பக்கத்திலிருந்த குரோட்டன்ஸ் செடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் அவளுக்கு நேர் எதிரே போய் நின்று, குனிந்து, படத்தைப் பிடித்தேன்.

மறுநாள் காலை கொழுந்தனார் செருப்பை மாட்டும்போது, கேமராவோடு முன்வாசலில் வந்து நின்றேன். அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

"போயிட்டு வாங்க," என்றேன்.

என்னைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனார். சாயங்காலம் ஒரு குறையுமில்லாமல் திரும்பி வந்து, பசிக்கிறது, சோறு போடுங்கள் என்றார்.