மர்வாவின் டிங்கி வைத்திருந்த காதர் மைதீன்

கீழக்கரை காதர் மைதீனை மீனவர் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. அவர் ஒருநாளும் வலை போட்டதில்லை. கப்பல் கேப்டனாக இருந்தவர் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அதுவும் தவறு. துபாயில் ஓர் அரபியின் மோட்டார் யாட்டு என்னும் உல்லாசப் படகில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஆனால் அந்த யாட்டின் சுக்கானை அவர் தொட்டதே இல்லை. யாட்டு ஆழமான தண்ணீரில்தான் நிற்கும், கரைக்கு வராது. அதிலிருந்து ஆட்களையும் சாமான்களையும் இறக்கிக் கரை சேர்க்கவும், திரும்பக் கொண்டுபோய் ஏற்றவும் ஒரு சிறிய படகு இருக்கும். அதை டெண்டர் என்பார்கள். அவர் ஓட்டியது அந்தப் படகைத்தான்.

வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, பழையதாகிப்போன டெண்டரை அரபி அவருக்கே கொடுத்துவிட்டார். அடியில் ஃபைபர் தட்டு, சுற்றிலும் காற்றடைத்த சாம்பல் நிறக் குழாய், பின்னால் பெட்ரோல் எஞ்சின். ஊர்க்காரர் ஒருவரின் கண்டெய்னரில் மெத்தைகளுக்கும் அலமாரிகளுக்கும் நடுவே தூத்துக்குடி வரை வந்து, அங்கிருந்து லாரியில் வந்தது. அவர் அதை டிங்கி என்றார். ஜெட்டி என்கிற படகுத்துறையில் தங்கள் வத்தைகளைக் கட்டிவைக்கும் மீனவர்கள் பலூன் என்றார்கள்.

"என்ன பாய், பலூன்ல காத்து நிக்குதா?"

"நிக்குது."

"ஒரு ஊசி போட்டுப் பாக்கவா?"

"போடுங்க. ஒட்டுறதுக்குப் பசை வச்சிருக்கேன்."

சிரிக்காமல் சொல்வார். கேட்டவர்கள்தான் சிரித்துவிட்டுப் போக வேண்டும்.

இப்படியொரு படகை வைத்திருப்பவருக்குக் கடலைவிடக் கரையில்தான் வேலை அதிகம். விடியும்போது குழாய் துவண்டு கிடக்கும், மிதி பம்பால் அடிக்க வேண்டும். வெயில் ஏறினால் உள்ளே காற்று விரிந்து ஒட்டு விட்டுவிடும், கொஞ்சம் திறந்துவிட வேண்டும். எஞ்சின் தண்ணீர் இழுக்கும் துளையைக் கடற்புல் அடைக்கும். ஒவ்வொரு தடவை போய் வந்ததும் எஞ்சினை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் இறக்கி, நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். கீழக்கரையில் நல்ல தண்ணீர் எளிதில் கிடைப்பதில்லை.

"மனுசருக்குக் குடிக்க இல்ல, மிஷினுக்கு நல்ல தண்ணி" என்பார் அவர் மனைவி மெஹருன்னிசா. "பேசாம அதயே நிக்காஹ் பண்ணியிருக்கலாம்ல?"

"அது கேக்குற மஹர் பணத்துக்கு நான் எங்க போறது?"

ஊரில் யாட்டு இல்லாமல் இந்த டிங்கி ஒன்றரை ஆண்டு சும்மா கிடந்தது. பிறகு சார்ஜாவில் வியாபாரம் செய்யும் அப்துல் ஹாதி ஹாஜியார் பழைய மோட்டார் யாட்டு ஒன்றை வாங்கிக் கீழக்கரைக்குக் கொண்டுவந்தார். அதன் பெயர் மர்வா. வெள்ளை நிறம், மேலும் கீழுமாக இரண்டு தட்டு, படுக்க மூன்று அறை. கடலுக்கடியில் பவளப்பாறை மேடாக எழுந்திருக்கும் இடத்தை நம் பக்கத்தில் பார் என்பார்கள். அந்தப் பாருக்கு அப்பால், ஆழமுள்ள இடத்தில் சங்கிலி போட்டு மர்வாவை நிறுத்தினார்கள். அதோடு வந்த டிங்கி மக்கிப் போயிருந்தது. ஹாஜியார் காதர் மைதீனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"காதரு, யாட்டு என்னுது, டிங்கி ஒன்னுது. ரெண்டும் சேந்தாத்தான் நான் கரைக்கு வர முடியும். என்ன சொல்ற?"

"நீங்க சொன்னாச் சரிதான் காக்கா." வயதில் மூத்தவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது.

டிங்கியின் பக்கவாட்டில் 'மர்வாவின் டெண்டர்' என்று எழுதப்பட்டது. ஹாஜியார் ஆண்டுக்கு இரண்டு முறை குடும்பத்தோடு வருவார். மற்ற நாட்களில் காதர் மைதீன் தினமும் காலையில் டிங்கியில் போய், அடித்தட்டில் ஊறிய தண்ணீரை இறைத்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கண்ணாடிகளில் படிந்த உப்பைத் துடைத்துவிட்டுத் திரும்புவார். மர்வாவை எங்காவது கொண்டுபோக வேண்டுமென்றால் பாம்பனிலிருந்து வேல்ராஜ் என்ற ஓட்டுநர் வருவார். துபாயைப் போலவே இங்கும் காதர் மைதீன் சுக்கானைத் தொடுவதில்லை. முதலாளி சொல்லாமல் யாட்டை ஓரடி நகர்த்தக் கூடாது, முதலாளிக்கு அழுக்கான யாட்டைக் காட்டக் கூடாது என்று அங்கே பழகியிருந்தார். ஊர் திரும்பிய சந்தோஷம் உண்டா என்று ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியல" என்றார்.

போன தை மாதம் சார்ஜாவில் ஹாஜியாருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வாய்ப்பேச்சு போய்விட்டது, வலது பக்கம் அசையவில்லை. அவருடைய மகள் ஹாஃபிஸா அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டார். அவர் காதர் மைதீனுக்கு ஒரு வேலை சொன்னார்.

"மாமா, வெள்ளிக்கெழம தோறும் மர்வாவ வீடியோ எடுத்து அனுப்புங்க. வாப்பாக்குக் காட்டுறேன். நல்லாத் தெரியுற மாதிரி எடுங்க."

காதர் மைதீன் நல்லாத் தெரியும் மாதிரியே எடுத்தார். விடிந்து கொஞ்ச நேரம் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். அந்த நேரத்தில் டிங்கியில் மர்வாவை ஒரு சுற்று சுற்றி வருவார். முதல்நாளே துடைத்த கண்ணாடிகளில் வெயில் அடிக்கும். வீடியோ போனதும் ஹாஃபிஸா பதில் அனுப்புவார்: வாப்பா பார்த்தார்கள், கண் அங்கேயும் இங்கேயும் ஓடியது, இன்னொரு தடவை போடச் சொல்வதுபோல் இடது கையைத் தட்டினார்கள்.

நம் கரைக்குக் கடல் இரண்டு. இராமேசுவரம் தீவுக்குத் தெற்கில் ஒன்று, வடக்கில் ஒன்று. சித்திரை முடிந்து கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பிடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். அதனால் தெற்கே நிற்கும் படகுகளை அந்த நேரத்தில் வடக்கே மாற்றுவது வழக்கம். உயரமான படகுகள் பாம்பன் ரயில் பாலம் திறக்கிற நாளுக்குக் காத்திருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும். ஆண்டுதோறும் ஹாஜியாரே சார்ஜாவிலிருந்து போன் செய்து, "காதரு, வடக்க கொண்டு போயிருங்க" என்பார். வேல்ராஜ் வந்து ஓட்டுவார். காதர் மைதீன் பின்னால் டிங்கியில் போவார்.

இந்த ஆண்டு சொல்வதற்கு ஹாஜியாருக்கு வாய் இல்லை.

சித்திரைக் கடைசியில் வேல்ராஜ் கீழக்கரைக்கு வந்தார்.

"பாய், மத்தியானத்துல கடலப் பாத்தீகளா? இப்பவே சங்கிலி கத்துது. பழைய சங்கிலி. கச்சான் முழுசாப் பிடிச்சா நிக்காது. அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீகளா?"

"சொல்லணும்."

அன்று சாயங்காலம் ஹாஃபிஸாவிடம் பேசினார். காற்று கொஞ்சம் கூடியிருக்கிறது, வடக்கே மாற்றலாமா என்று கேட்டார்.

"வீடியோல அமைதியாத்தானே மாமா இருக்கு?"

"அது காலையில எடுக்குறது."

"வாப்பாக்கு இப்ப வாய் லேசா அசையுது. அடுத்த வாரம் ஒன்னு ரெண்டு வார்த்தை வரும்னு டாக்டர் சொல்றாங்க. மர்வாவப் பத்தி அவங்க வாயாலயே சொல்லட்டும். அதுவே அவங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும். சரியா?"

"சரிம்மா."

மறுநாள் மத்தியானம் அவர் ஜெட்டியில் நின்று ஒரு வீடியோ எடுத்தார். அதில் மர்வா மூக்கைத் தூக்கித் தூக்கித் தண்ணீரில் அடித்துக்கொண்டிருந்தது. மெஹருன்னிசாவிடம் காட்டினார்.

"இத அனுப்புங்க. இதப் பாத்தா அந்தப் புள்ளைக்குப் புரியும்."

"சீக்காக் கெடக்குற மனுசன் பாக்குற படமா இது?" என்று அழித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போல் அமைதியான கடலை எடுத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு சார்ஜாவில் ஹாஜியார் மவுத்தாகிவிட்டார். செய்தி பள்ளிவாசலில் அறிவிக்கப்பட்டது. பாலம் திறப்பது புதன்கிழமை என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. வேல்ராஜ் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்.

"பெரியவர் போனது வருத்தந்தான் பாய். ஆனா நாளைக்கு விட்டா அடுத்த தடவ பாலம் எப்பத் தொறப்பாகளோ தெரியாது. ஒரு போன் போடுங்க. சரின்னு ஒரு வார்த்த போதும்."

"மவுத்தான வீடு. மூணு நாளைக்குச் சொத்து, வியாபாரம் ஒன்னும் பேசப்படாது."

"இது வியாபாரமா? படகக் காப்பாத்துறது."

"மர்வா இப்ப மையத்து விட்டுட்டுப் போன சொத்து. நான் அதப் பத்திப் பேசுனா, வாப்பாவ அடக்குன ஈரம் காயல, அதுக்குள்ள யாட்டுப் பேச்சா எடுக்குறான்னுதான் அந்தப் புள்ள நெனைக்கும்."

"அப்ப கேக்காமலே எடுத்துருவோம். சாவி ஒங்ககிட்டத்தான இருக்கு? பின்னால வந்து கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"சொல்லாம எடுக்கப்படாது."

"யாரு சொல்லணுங்கிறீக? சொல்றவருதான் போயிட்டாரே!"

வேல்ராஜ் "தலையெழுத்து" என்று சொல்லிப் பஸ் ஏறினார்.

வீட்டில் மெஹருன்னிசாவும் அதையே சொன்னார். "வேல்ராஜோட போய்ட்டு வந்துருங்க. அல்லாஹ் நிய்யத்த, மனசுல உள்ளதத்தான் பாப்பான்." அவர் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, மாட்டேன் என்றா என்று மெஹருன்னிசாவுக்கு விளங்கவில்லை. சோறு வைத்தார், அவர் சாப்பிட்டார், படுத்துத் தூங்கியும் விட்டார்.

புதன்கிழமை பாலம் திறந்தது, வரிசையில் நின்ற படகுகள் வடக்கே போயின. வியாழக்கிழமை மத்தியானம் ளுஹர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஜெட்டிப் பக்கம் ஆட்கள் கூடியிருந்தார்கள். சங்கிலி அறுந்து மர்வா பாரை நோக்கிப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது.

அவர் டிங்கியைத் தள்ளி ஏறினார். அந்த அலையில் போகாதே என்று பலரும் கத்தினார்கள். மர்வாவின் பின்புறக் கம்பியில் கயிற்றைக் கட்டி, காற்றுக்கு எதிராக எஞ்சினை முழு வேகத்தில் வைத்தார். டிங்கியின் முகம் கடலைப் பார்த்திருந்தது, எஞ்சின் முழுச் சத்தத்தோடு ஓடியது. ஆனாலும் டிங்கியும் மர்வாவும் பின்னோக்கியே போய்க்கொண்டிருந்தன. மேலே ஏறி மர்வாவின் எஞ்சினைக் கிளப்பியிருக்கலாம். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. ஏன் ஏறவில்லை என்று பிறகு கேட்டேன். தோன்றவில்லை என்றார். டிங்கியின் அடித்தட்டு பவளத்தில் உரசியதும் கயிற்றை வெட்டிவிட்டார். மர்வா பாரில் ஏறி, ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. அடுத்த அலையில் அடிப்பக்கம் பிளந்தது. சாயங்காலத்துக்குள் கீழ்த்தட்டு முழுவதும் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை மூன்று நாள் முடிந்திருந்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஹாஃபிஸாவுக்குப் போன் செய்தார். நடந்ததை முதலிலிருந்து சொன்னார், பாலம் திறந்த நாளையும் மறைக்கவில்லை.

"புதன்கெழமையே ஒரு போன் போட்டிருக்கலாமே மாமா?"

"மூணு நாள் முடியட்டும்னு இருந்தேன்."

"நாங்க இங்கன யாரும் அப்படியெல்லாம் பாக்குறது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு, "வாப்பா இதப் பாக்காமப் போனாங்க. அது போதும். இனி என்ன செய்யணுமோ நீங்களே செஞ்சிருங்க. என்னையக் கேக்க வேணாம்" என்றார்.

மூன்று நாளைக்கு முன் வர வேண்டிய வார்த்தை அது.

பாரில் உட்கார்ந்த யாட்டை இழுக்க வழியில்லை. இராமநாதபுரத்துப் பழைய இரும்பு வியாபாரி ஜாபர் சாதிக் விலை பேசி எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த ஆழமில்லாத இடத்துக்குப் பெரிய படகு எதுவும் போகாது. டிங்கிதான் போகும். கச்சான் அடங்கும் விடியற்காலைகளில் காதர் மைதீன் வியாபாரியின் ஆட்களை ஏற்றிப் போய், மர்வாவைத் துண்டு துண்டாகக் கரைக்குக் கொண்டுவந்தார். நாற்காலிகள், சமையல் அடுப்பு, முகம் கழுவும் தொட்டி, ஹாஜியார் படுக்கும் கட்டிலின் பலகைகள், ஜன்னல் கண்ணாடிகள். கண்ணாடிகளை இறக்கும்போது பழக்கத்தில் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்தார்.

"காக்கா, ஒடைக்கப் போற கண்ணாடிய ஏன் தொடைக்கிறீங்க?" என்றார் ஜாபர் சாதிக்.

"உப்பு இருந்துச்சு."

"டிங்கியவும் குடுத்துருங்களேன். யாட்டு இல்லாம இத வச்சு என்ன செய்வீங்க?"

"பாக்கலாம்."

மெஹருன்னிசா ஒருநாள் கதவருகில் நின்று, "அழுதுருங்க. அழுதா வெளிய வந்துரும்" என்றார். அவர் தன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வரல" என்றார்.

வேலை முடிந்த வாரம் வேல்ராஜ் பாம்பனிலிருந்து மறுபடி வந்தார். பழைய சண்டையை எடுக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பாய், எங்க முதலாளி வடகடல்ல புதுசா ஒரு படகு எறக்குறாரு. டூரிஸ்ட ஏத்திக்கிட்டுப் போறது. கரையிலருந்து ஆளேத்த ஒரு டிங்கி வேணும். ஒங்களையும் டிங்கியவும் கேக்குறாரு. ஞாயித்துக்கெழம ஆரம்பம். வாறீகளா?"

"கேட்டுச் சொல்றேன்."

"யாருகிட்ட கேப்பீக?"

காதர் மைதீன் டீயைக் குடித்து முடித்தார். "வீட்ல" என்றார்.

அன்று இரவு சாப்பாட்டின்போது மெஹருன்னிசாவிடம் சொன்னார். அவர் கேட்டார்: "போகணும்னு ஒங்களுக்கு இருக்கா?"

"தெரியல. நீ சொல்லு."

"அன்னைக்கு நான் சொன்னேனே, மர்வாவ எடுத்துட்டுப் போனீங்களா?"

அவர் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மெஹருன்னிசா ரசம் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை வடகடலில் அந்தப் படகு வேறொருவரின் டிங்கியோடு கிளம்பியது. காதர் மைதீன் போகவில்லை. வரமாட்டேன் என்று இன்றுவரை வேல்ராஜிடம் சொல்லவும் இல்லை.